சிக்கனச் சமையலும் வீட்டு பேக்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோழிகள், உறவினர்கள், மாடிப்படியில் எதிர்ப்படுபவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதல் பாதி அன்றாடச் சமையல், பிற்பாதி பேக்கிங்.

1. மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. சாப்பாட்டுச் செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

குப்பைக் கூடையிலிருந்து. மலிவான சமையல் குறிப்புகளைத் தேடுவதற்கு முன், இரண்டு வாரம் நீங்கள் எதையெல்லாம் எறிகிறீர்கள் என்று எழுதுங்கள். நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்திலேயே பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். முதல் வாரத் தாளில் இருந்தவை: அடித்தட்டில் கறுத்துக் கசிந்த அரைக்கட்டுக் கொத்தமல்லி, பிரட்டின் இரண்டு ஓரத் துண்டுகள், இரண்டு கிண்ணம் சோறு, பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து பூஞ்சை பிடித்த ஒரு டப்பா தயிர். சிக்கனமாகத்தான் இருக்கிறோம் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருத்தியின் கதை அல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது. எறிவதை நிறுத்தினாலே, சாப்பாட்டின் தரத்தைத் தொடாமல் செலவு இறங்கும்.

2. வாரம் முழுவதற்கும் திட்டம் போட எனக்குப் பொறுமை இல்லை. அது இல்லாமல் முடியாதா?

முழு வாரத்துக்கும் போடாதீர்கள். ஏழு நாளுக்கும் எழுதிவைப்பவர்கள் மூன்றாம் நாளே தாளைக் கிழிக்கிறார்கள். நான்கு இரவுச் சாப்பாட்டை மட்டும் முடிவு செய்யுங்கள். ஒரு நாள் மீந்ததைத் தீர்க்கும் நாள். மற்றவை வீட்டில் இருப்பதைப் பார்த்து அன்றன்றைக்கு.

வரிசைதான் முக்கியம். சீக்கிரம் கெடுபவை முதலில்: கீரை, மீன், காளான், பழுத்த தக்காளி. வார நடுவில் பீன்ஸ், கத்தரிக்காய், குடைமிளகாய். முட்டைக்கோஸ், கேரட், பூசணி, உருளைக்கிழங்கு காத்திருக்கும். பருப்பும் முட்டையும் வாரக் கடைசிக்கு. பெரும்பாலோர் வாங்கிய அன்று உருளைக்கிழங்கைச் சமைத்துவிட்டு, கீரையை வெள்ளிக்கிழமை வரை வாடவிடுகிறார்கள்.

3. பட்டியல் எழுதிக்கொண்டு போனாலும் கூடுதலாக வாங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

பட்டியலில் பொருளின் பெயர் மட்டும் இருக்கிறதா, அளவும் இருக்கிறதா? “கேரட்” என்று எழுதினால் கை நிறைய அள்ளுவோம். “கேரட், நான்கு” என்று எழுதினால் நான்கோடு நிற்போம். எழுதுவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். வயிறு நிறைந்த பிறகு கடைக்குப் போங்கள்.

4. பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மலிவுதானே?

தீர்ந்தால் மலிவு. ஒருமுறை முழுக் கோதுமை மாவைப் பத்துக் கிலோ வாங்கிப் பெருமையோடு டின்னில் கொட்டினேன். வெயில் காலம். பாதி தீர்வதற்குள் காறல் வாடை வந்துவிட்டது. முழுத் தானிய மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் கெடும்; காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் தாங்கும். மைதாவில் அந்த எண்ணெய் நீக்கப்பட்டுவிடுவதால் அலமாரியிலேயே நெடுநாள் இருக்கும்.

பருப்பு, அரிசி, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைப் பெரிதாக வாங்கலாம். மசாலாத் தூள், பேக்கிங் பவுடர், ஈஸ்ட் மூன்றையும் சிறிதாகவே வாங்குங்கள். எப்போதும் கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பாக்கெட்டே கிலோ கணக்கில் அதிக விலையாக இருப்பதும் உண்டு.

5. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

பாக்கெட் விலையைப் பார்க்காமல், அதில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று பாருங்கள். காய்ந்த பருப்பு ஒருவருக்கு 60 முதல் 70 கிராம் போதும். ஆக ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 15 பேருக்கான சாப்பாடு. எலும்போடு ஒரு கிலோ கோழி வாங்கினால் நான்கைந்து பேருக்குத்தான் வரும். இரண்டின் விலையையும் அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். அடிக்கடி சமைக்கும் பத்து உணவுகளுக்கு மட்டும் இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு மனதிலேயே நிற்கும்.

6. இறைச்சி இல்லாவிட்டால் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தே முகம் சுளிக்கிறார். அங்கேதான் பணம் போகிறது. என்ன வழி?

நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். கொத்திறைச்சியில் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு வேகவைத்த பருப்போ நறுக்கிய காளானோ சேர்த்தால் குழம்பின் கனம் குறையாது. காய்ந்த பயறு, பருப்பு வகைகளில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். வயிறு நிறையாது என்ற பேச்சுக்கு இடமில்லை. முழுக் கோழியாக வாங்கினால் எலும்பை எறியாதீர்கள்: வெங்காயத் தோல், கேரட் நுனியோடு இரண்டு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டால் அடுத்த நாள் சூப்புக்குச் சாறு தயார்.

7. டப்பாவில் அடைத்த பீன்ஸ் வாங்குவதா, காய்ந்ததை வாங்கி வேகவைப்பதா?

காய்ந்தது. ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். 500 கிராம் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும். மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். அப்போது டப்பா பீன்ஸின் வசதி உங்கள் வீட்டிலேயே இருக்கும். பிரஷர் குக்கரில் உள்வெப்பம் சுமார் 120 டிகிரி வரை ஏறுவதால் நேரமும் எரிபொருளும் பாதியாகும்.

சிவப்பு ராஜ்மாவில் ஓர் எச்சரிக்கை. அதில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சு இருக்கிறது; சரியாக வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியைத் தரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க 30 நிமிடம் வேகவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சிறு தீ. இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது. அரை வேக்காடு நச்சைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

8. மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்? மாமியார் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன்.

இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்படி வைத்த குழம்பு, காய்கறி, இறைச்சி மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரியில் உறையவைக்க வேண்டும். மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி வரை ஆவி பறக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

சோற்றுக்குத் தனிக் கணக்கு. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை விழித்துக்கொண்டு நச்சைச் சுரக்கும்; அந்த நச்சு சூடாக்கினாலும் போகாது. எனவே அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆழமான பாத்திரத்தோடு குழம்பை உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். இரண்டு மூன்று தட்டையான டப்பாக்களில் பிரியுங்கள். மேலே நாளை எழுதி ஒட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது.

9. பாக்கெட்டில் தேதி முடிந்துவிட்டால் எறிந்துவிட வேண்டுமா?

என்ன தேதி என்று படியுங்கள். “இந்த நாளுக்கு முன் உண்டால் நன்று” என்ற பொருளில் இருப்பது தரத்துக்கான தேதி. மாவு, பாஸ்தா, பிஸ்கட், டப்பா உணவுகளில் இது இருக்கும். அந்த நாள் தாண்டியும் மோந்து பார்த்து, ருசித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். “இந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்” என்று இறைச்சி, மீன் போன்றவற்றில் இருப்பது பாதுகாப்புக்கான தேதி. அதில் மூக்கை நம்ப வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பல வாடையே காட்டாது.

10. மீந்ததைக் கண்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். மறைத்துக் கொடுக்க வழி உண்டா?

மறைப்பதைவிட, முதலிலேயே பாதியை மசாலா சேர்க்காமல் எடுத்துவைப்பது சுலபம். வெந்த கொண்டைக்கடலையில் பாதி இன்று குழம்புக்குப் போனால், மீதி நாளை எலுமிச்சையும் வெள்ளரியும் சேர்த்து சாலட் ஆகலாம். மறுநாள் மசித்து வடிவம் பிடித்து வறுத்த கட்லெட் ஆகலாம். குழம்பாகவே மூன்று நாள் வந்தால் நானும் ஓடுவேன்.

11. பேக்கிங்குக்கு வருகிறேன். வீட்டில் செய்தால் உண்மையிலேயே மிச்சமா?

பொருளைப் பொறுத்தது. ஆலையில் லட்சக்கணக்கில் செய்யும் சாதாரண வெள்ளை பிரட்டோடு விலையில் போட்டி போடாதீர்கள். மின்சாரத்தையும் சேர்த்தால் சமமாக வரலாம், தோற்கவும் தோற்கலாம். முழுத்தானிய பிரட், விதைகள் பதித்த பிரட், கேக், மஃபின் ஆகியவற்றில்தான் மிச்சம் தெளிவாகத் தெரியும். கடையில் நீங்கள் கொடுக்கும் விலையில் மாவுக்கும் சர்க்கரைக்குமான பங்கு சிறியது. ருசிக்காக வெள்ளை பிரட் செய்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதைச் சிக்கனக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

12. தொடங்குவதற்கு என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

கிராம் காட்டும் எடை மானி ஒன்று, நீளமான பிரட் டின் ஒன்று, 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்று. அவ்வளவுதான். மாவு பிசையும் இயந்திரம் வேண்டாம். எடை மானியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஒரே கப்பில் மாவைத் தளர்வாகப் போட்டால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150. “அதே குறிப்புதான், ஆனால் கேக் கல்லாகிவிட்டது” என்று வருபவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

13. பிரட்டுக்கு மனப்பாடம் செய்துகொள்ளும்படி ஒரு கணக்கு சொல்லுங்கள்.

மாவை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 64, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. அதாவது 500 கிராம் மாவுக்கு 320 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். முழுக் கோதுமை மாவு கலந்தால் தண்ணீர் சற்றுக் கூடுதலாக இழுக்கும். இன்ஸ்டன்ட் இல்லாமல் குருணையான உலர் ஈஸ்ட் என்றால் 6 கிராம், ஈரக்கட்டி ஈஸ்ட் என்றால் 15 கிராம்.

பிசைய ஆரம்பித்ததும் மாவு விரலோடு ஒட்டி எரிச்சலைக் கிளப்பும். அப்போது மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். பிரட் கட்டியாவதற்கு முதல் காரணம் அதுதான். பத்து நிமிடம் உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மேற்பரப்பு வழுவழுப்பாகிக் கையை விட்டுவிடும். ஒரு சிறு உருண்டையை இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தால் போதும். மூடிவைத்து இரண்டு மடங்காக உப்பும் வரை (ஒன்று, ஒன்றரை மணி நேரம்) விட்டு, டின்னில் வடிவம் கொடுத்து, மீண்டும் முக்கால் மணி நேரம் உப்பவிட்டு, 210 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். அடியில் தட்டினால் பொந்துச் சத்தம் வர வேண்டும். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

பிசைய நேரமில்லாதவர்களுக்கு: தண்ணீரை 375 கிராமாகக் கூட்டி, ஈஸ்ட்டை ஒரு கிராமாகக் குறைத்து, கரண்டியால் கலக்கி மூடி இரவு முழுதும் வெளியே வையுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் விட்டால், நீங்கள் பிசைந்து செய்ய வேண்டிய வேலையை நேரமே செய்துவிடும். ஈஸ்ட்டும் மிச்சம்.

14. நீங்கள் சொன்னபடியே செய்தேன், மாவு உப்பவே இல்லை.

தண்ணீர் எவ்வளவு சூடு? 55 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும். மணிக்கட்டில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. அது சரி என்றால் ஈஸ்ட்டைச் சோதியுங்கள்: கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும். பத்து நிமிடத்தில் நுரை திரளவில்லை என்றால் பாக்கெட்டை எறியுங்கள். இரண்டும் சரி என்றால் சமையலறை குளிராக இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

15. முட்டை, வெண்ணெய், பால் மூன்றும் விலை ஏறிவிட்டன. இவை இல்லாமல் கேக் வருமா?

வரும். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு கேக் இருக்கிறது. என் வீட்டில் பிறந்தநாளுக்கும் அதையே செய்கிறோம். 190 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலக்குங்கள். 80 மில்லி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், 240 மில்லி தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்தவுடன் சதுரத் தட்டில் ஊற்றி, சூடான ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். வினிகர் வாடை வராது. கலந்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போகாதீர்கள், குமிழ்கள் காத்திருக்காது.

வேறு குறிப்புகளில் ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம், அல்லது கால் கப் மசித்த வாழைப்பழம். 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் எண்ணெய் போதும், ஏனெனில் வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 விழுக்காடுதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் கேக்குகளில் மட்டும் இந்த மாற்று சரிவராது. அங்கே வெண்ணெய்தான் காற்றைப் பிடித்துவைக்கிறது.

16. சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே? ஒன்றை வாங்கினால் போதாதா?

ஒன்றல்ல. சோடா பொங்க அமிலம் வேண்டும்: வினிகர், தயிர், எலுமிச்சை. பேக்கிங் பவுடரில் அந்த அமிலம் ஏற்கெனவே தூளாகக் கலந்திருக்கிறது. ஒன்றை மட்டும் வாங்குவதானால் சோடாவை வாங்குங்கள், நீண்ட நாள் கெடாது. மாவு 125 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று குறிப்பில் இருந்தால், கால் தேக்கரண்டி சோடாவும் குறிப்பிலுள்ள பாலுக்குப் பதிலாகப் புளித்த மோரும். பழைய பேக்கிங் பவுடரில் கொதிநீரை ஊற்றிப் பாருங்கள். சீறவில்லை என்றால் கேக்கும் எழாது.

17. ஓவன் ஓடினாலே மின் கட்டணத்தை நினைத்து வயிறு கலங்குகிறது.

ஒரே ஒரு தட்டு பிஸ்கட்டுக்காக ஓவனை ஏற்றாதீர்கள். அதுதான் வீண். மின் ஓவன் பொதுவாக 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், ஆனால் வெப்பம் எட்டியதும் விட்டு விட்டுத்தான் எரியும்; கூடுதல் செலவு முதலில் சூடேற்றுவதில்தான். எனவே பிரட் வெளியே வந்ததும் வெப்பத்தைக் குறைத்து கேக், அதன் பிறகு அணைத்துவிட்டு மீதிச் சூட்டில் பிரட் துண்டுகளை உலர்த்துவது என்று வரிசைப்படுத்துங்கள். என் வீட்டில் ஓவன் வாரத்தில் ஒரே நாள்தான் எரியும். கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்ப்பதற்கும் காசு போகிறது.

18. பிரட் இரண்டாம் நாளே காய்ந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

நீங்கள் அதை வேகமாக்கிவிட்டீர்கள். பிரட் பழசாவது ஈரம் போவதால் மட்டும் அல்ல. வெந்து குழைந்த மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுகிறது. ஃப்ரிட்ஜின் குளிரில்தான் அந்த இறுகல் மிக விரைவு. ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆறியதும் துண்டு போட்டு, பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது துண்டை நேரே டோஸ்டரில் போடலாம். இறுகிப்போனதைச் சூடாக்கினால் தற்காலிகமாக இளகும், அதனால் உடனே சாப்பிட வேண்டும். ஓரத் துண்டுகளை 17ஆம் கேள்வியில் சொன்னபடி உலர்த்திப் பொடித்தால் கட்லெட்டுக்குப் பிரட் தூள். என் குப்பைத் தாளிலிருந்து முதலில் காணாமல் போனவை இந்த ஓரத் துண்டுகள்தான்.

19. கேக் நடுவில் அமுங்கிவிட்டது. எறிந்துவிடட்டுமா?

கூடாது. வெந்த பகுதியை உதிர்த்து, கிண்ணத்தில் பழத்தோடும் கஸ்டர்டோடும் அடுக்குங்கள். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அமுங்கியதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: சோடா அளவு கூடிவிட்டது, வேகும் முன் கதவைத் திறந்தீர்கள், அல்லது உங்கள் ஓவன் பொய் சொல்கிறது. பல ஓவன்களின் முள் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் 10, 20 டிகிரி வேறுபடும். உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கிச் சோதியுங்கள்.

20. அக்கா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் மூன்று மாதமாகச் செய்கிறேன். பேக்கிங் தொடங்கிய பிறகு செலவு ஏறித்தான் இருக்கிறது. ஏன்?

இதைக் கேட்டவர் தன் கடைப் பட்டியல்களையும் கொண்டுவந்து காட்டினார். மாவு, வெண்ணெய், சாக்லேட் எல்லாம் புதிதாக ஏறியிருந்தன. ஆனால் பழைய பட்டியலில் இருந்த நான்கு பாக்கெட் பிஸ்கட்டும் கடை கேக்கும் புதிய பட்டியலிலும் அப்படியே இருந்தன. வீட்டுக் கேக் கடைக் கேக்கின் இடத்துக்கு வரவில்லை, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சூடாக இருந்ததால் ஒரே மாலையில் தீர்ந்தும்விட்டது.

முதல் மாதத்தில் அவரிடம் ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன்: பேக் செய்யும் வாரத்தில் பிஸ்கட் என்ற வரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது. கேக்கை ஆறியதும் துண்டு போட்டு, அன்றைக்கு ஆளுக்கு ஒன்று வெளியே வைத்து, மீதியை பிரட்டைப் போலவே ஃப்ரீசரில் வைப்பது. உறைந்த துண்டு காலையில் டிபன் பெட்டிக்குள் போனால் இடைவேளைக்குள் இளகிவிடும். இரண்டாம் மாதம் அவர் வந்தபோது பட்டியலில் ஒரு பாக்கெட் பிஸ்கட் மட்டும் இருந்தது. மாமனாருக்குத் தேநீரோடு அது இல்லாமல் முடியாதாம்.